கடிதம் ஏதாவது வந்ததா?

தஞ்சம் கோரி வருகிறவர்களுக்கு உதவும் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அக்கா, அவங்க எப்படித் தப்பிச்சு வந்தாங்கன்னு கேட்கலாமா?" கேட்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுவேன். சிலருக்கு முகம் சுருங்கும். அந்தக் கதையைக் கேட்கத்தானே வந்தோம் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

தஞ்சம் கோரி வந்தவர் அந்தக் கதையை எல்லை அதிகாரியிடம் சொல்லியிருப்பார். பதிவு செய்த இடத்தில் சொல்லியிருப்பார். வக்கீலிடம், டாக்டரிடம், அப்புறம் மணிக்கணக்கில் நீளும் நேர்காணலில் சொல்லியிருப்பார், அல்லது இனிமேல் சொல்லப் போகிறார். ஒவ்வொரு முறையும் சொன்னது எழுத்தில் ஏறுகிறது. ஓரிடத்தில் செவ்வாய் என்றும் இன்னோரிடத்தில் புதன் என்றும் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டியே அவர் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதிவிட முடியும். இதற்கு நடுவே ஒரு தன்னார்வலர் ஆர்வத்தில் கேட்டு, அரைகுறையாகப் புரிந்துகொண்டு, தன் நோட்டில் நாலு வரி எழுதி வைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள். கேட்டதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது இந்த வேலைக்கு வந்தேன். வாரத்தில் ஒரு மாலை, இரவல் வாங்கிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், அடிக்கடி அடம்பிடிக்கும் ஒரு பிரிண்டர். கடிதம் படித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது, மொழி பழக்குவது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சில நாள் ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ துணைக்குப் போவது. இவ்வளவுதான் வேலை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என் தலையில் இருக்கிறது. அங்கே சொல்வதைத்தான் எழுதுகிறேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

சட்டம் படித்துவிட்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் சில அடிப்படைகள் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ‘என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டால் அவருக்கு அகதி அந்தஸ்து. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதோ ஒரு காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. முதலில் அது 1951 ஜனவரி 1-க்கு முன் நடந்தவற்றால் நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. அந்தக் கால வரம்பை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது. இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ ஏறக்குறைய 150 நாடுகள் ஏற்றிருக்கின்றன. ஏற்காத நாடுகள் சிலவற்றில் ஐ.நா. அகதிகள் ஆணையமே ஆட்களைப் பதிவு செய்து, யார் அகதி என்று முடிவு செய்கிறது. ஆக, நீங்கள் இருக்கும் இடத்தில் முடிவெடுப்பது யார் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆணையத்தின் ‘ஹெல்ப்’ இணையதளத்தில் நாடுவாரியாக இந்த விவரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னும் இரண்டு பிரிவுகளை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33ஆவது பிரிவு. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னால், உரிய அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது 31ஆவது பிரிவு. பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததே பெரிய குற்றம் என்று நினைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, வக்கீலிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவது நம்மால் முடிந்த உதவி. அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்துமா என்று சொல்லும் வேலை நம்முடையது இல்லை. பிரிட்டனில் உரிய பதிவு இல்லாமல் குடியேற்ற ஆலோசனை வழங்குவதே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வக்கீல் சொன்னதை நினைவூட்டலாம், வக்கீலுக்குப் போன் போட்டுக் கொடுக்கலாம், கேள்விகளை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். "என் நண்பனுக்கு இப்படிச் சொன்னதும் கிடைச்சுது" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் ஆபத்துதான்.

இந்த வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் வரும் பேச்சுக்கும் தயாராக இருக்க வேண்டும். "உலகத்துல இருக்கிறவங்க எல்லாம் பணக்கார நாட்டுக்குத்தானே ஓடுறாங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி, 2024 முடிவில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12.32 கோடிப் பேர். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொந்த நாட்டு எல்லையையே தாண்டாதவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். எல்லை தாண்டிய மொத்தப் பேரில் 73 சதவீதம் பேருக்கு இடம் கொடுத்திருப்பவை ஏழை நாடுகளும் நடுத்தர வருமான நாடுகளும். இதைச் சொன்னதும் அவர் மனம் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, உண்மையான வேலைக்கு வருவோம். தஞ்சம் கோருபவரின் வாழ்க்கை பெரும்பாலும் காத்திருப்பு. மாதங்கள், பல இடங்களில் வருடங்கள். அந்தக் காலத்தில் வேலை பார்க்கச் சட்டம் விடாத நாடுகளும் உண்டு. திறமையும் உடல்பலமும் உள்ள ஒரு ஆள் காலையில் எழுந்து செய்ய எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்த நீண்ட சும்மா இருத்தலுக்கு நடுவே திடீரென்று ஒரு கடிதம் வரும். அதற்குச் சில நாட்களுக்குள் பதில் போட வேண்டும். ஒன்றுமே நடக்காத மாதங்களுக்குப் பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் நடக்கும். அந்தக் கடிதம் புரியாத மொழியில் இருக்கும், அல்லது பழைய முகவரிக்குப் போயிருக்கும்.

அதனால் எங்கள் மாலை நேரம் எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது: "கடிதம் ஏதாவது வந்ததா?" நலமா என்று கேட்பதற்கும் முன்னால் இதைக் கேட்கப் பழகிவிட்டோம். வந்த கடிதத்தில் நாங்கள் முதலில் தேடுவது தேதி. எந்தத் தேதிக்குள், யாருக்கு, என்ன செய்ய வேண்டும். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடிதத்தின் மேலேயே குத்திவிடுவோம். உறையைத் தூக்கிப் போட விடுவதில்லை. கடிதம் தாமதமாகக் கையில் கிடைத்தது என்று நிரூபிக்க அஞ்சல் முத்திரைதான் சில சமயம் ஒரே சாட்சி. ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய போனிலேயே படம் எடுத்து, அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்லுவோம். எங்கள் போனில் யாருடைய தாளும் இருக்கக் கூடாது. முகவரி மாறினால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது: அதிகாரிகள், வக்கீல், பிள்ளைகளின் பள்ளி, டாக்டர். கேட்டால் சலிப்பான வேலை. ஆனால் உருக்கமான பேச்சுகளால் ஆகாத காரியம் இந்தத் தாள் வேலையால் ஆகியிருக்கிறது.

பெயரும் தேதியும் தனியாகவே ஒரு உலகம். ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருக்காது. படிவமோ இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கும். யாரோ ஒரு அதிகாரி அவசரத்தில் எதையோ நிரப்பியிருப்பார், ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு எழுத்துக்கூட்டு, பிள்ளைக்கு இன்னொன்று. இந்த இடத்தில் தன்னார்வலரின் கை துறுதுறுக்கும், சரியாக எழுதிவிடலாம் என்று. எழுதக் கூடாது. பதிவு அட்டையில் எப்படி இருக்கிறதோ, தப்பாகவே இருந்தாலும், அப்படியே எழுத வேண்டும். திருத்த வேண்டியதை வக்கீல் மூலம் முறைப்படி திருத்திக்கொள்ளலாம். இரண்டு அலுவலகங்களில் இரண்டு பெயர் இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

பிறந்த தேதியில் ஜனவரி 1 என்று இருக்கும் அட்டைகளை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒரே நாளில் இத்தனை பேர் பிறந்தார்களா என்று ஒரு பையன் சிரித்தான். சரியான நாள் தெரியாதபோது அலுவலகங்கள் போட்டுவைக்கும் தேதி அது. நாட்காட்டி வேறுபாடும் உண்டு. எத்தியோப்பிய ஆண்டுக்கு 13 மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12-ல் வரும். நாம் பயன்படுத்தும் ஆண்டுக்கு 7 அல்லது 8 வருடம் பின்னால் ஓடும். ஆப்கானியரின் சூரிய நாட்காட்டியில் ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது. 1403ஆம் ஆண்டு தொடங்கியது 2024 மார்ச்சில். ஆக, "1394-ல் கைது செய்தார்கள்" என்று ஒருவர் சொன்னால் அது 2015ஆகவும் இருக்கலாம், 2016இன் முதல் மூன்று மாதங்களாகவும் இருக்கலாம். மாதம் தெரியாமல் மாற்றினால் ஒரு வருடமே தப்பும். எங்கள் விதி எளியது: அவர் சொன்ன தேதியை அவர் சொன்ன நாட்காட்டியிலேயே முதலில் எழுது, மாற்றிய தேதியைப் பக்கத்தில் எழுது, இரண்டையும் அவருக்கு வாசித்துக் காட்டு. அவருக்கே உறுதியில்லை என்றால், உறுதியில்லை என்றே எழுது. கொடுமைகளை அனுபவித்தவர்களின் நினைவில் நாளும் வரிசையும் கலங்கிப் போவது இயல்பு என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. நாம் அதைச் சீராக்கிக் கொடுப்பதுதான் பிறகு வில்லங்கமாகும்.

நேர்காணலுக்குப் போகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அந்த அறையைப் பற்றிச் சொல்லலாம். நேரம் பிடிக்கும். இடைவேளை கேட்கலாம். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். நினைவில்லை என்பதும் ஒரு பதில்தான். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியவில்லை என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், மரியாதைக்காகத் தலையாட்டக் கூடாது. பெண் அதிகாரியோ பெண் மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்றால் வக்கீல் மூலம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. இதையெல்லாம் சொன்ன பிறகு நாங்கள் கேட்பது, அன்றைக்குக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று. பல தாய்மார்களுக்கு அதுதான் முதல் கவலை. கல்லூரிப் பிள்ளைகள் மிக நன்றாகச் செய்யக்கூடிய வேலையும் அதுதான், இருவராகச் சேர்ந்து, கதவு திறந்திருக்கும் அறையில்.

மொழி தெரிந்த இளைஞர் கிடைத்தால் எல்லோரும் அவரை மொழிபெயர்க்க இழுப்பார்கள். டாக்டரிடம் நேரம் குறிக்க, பள்ளியில் பேச என்றால் சரி. பயிற்சி இல்லாமல் நேர்காணலுக்கோ மனநல மருத்துவரிடமோ போய் உட்கார வேண்டாம். பேசினவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், நடுவில் சமாதானம் சொல்லவும் வேண்டாம். ஒரே மொழி பேசுவதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இவர் யாரிடமிருந்து ஓடி வந்தாரோ, அந்தத் தரப்பைச் சேர்ந்தவராக நீங்கள் தெரியலாம். "நான் மொழிபெயர்ப்பதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று தனியாகக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி: குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அம்மாவின் நோயையும் அப்பாவின் பயத்தையும் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன வாரம் வந்தவர் இந்த வாரம் வர மாட்டார். வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள். அதனால் தொடர் பாடம் போடாதீர்கள், ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முடிய வேண்டும். போனில் டாக்டரிடம் நேரம் கேட்பது, வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது, இப்படி. "உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்ற பாடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. பிரிந்துபோன உறவினரைத் தேட வேண்டும் என்று யாராவது கேட்டால், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது, அங்கே வழிகாட்டலாம். நாமாக முகநூலில் படம் போட்டுத் தேடக் கூடாது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கூடத்தில் முகம் தெரியும்படி படம் எடுப்பதில்லை. நல்ல எண்ணத்தில் போடும் ஒரு படம், ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு வினையாக முடியலாம். சம்மதம் கேட்டோமே என்பார்கள். உதவி கேட்டு வந்தவரால் உதவுகிறவரிடம் ‘முடியாது’ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும்?

இளைஞர்களுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது, அங்கே பெரியவர்கள் நமக்கு ஈடாக மாட்டார்கள்: படிப்பு. விண்ணப்பம் போட்டு, கட்டுரை எழுதி, உதவித்தொகைக்கு அலைந்த சூடு நமக்கு இன்னும் ஆறவில்லை. உயர்கல்வியில் அகதி இளைஞர்களின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்க வேண்டும் என்பது அகதிகள் ஆணையத்தின் இலக்கு. இப்போது அதிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறோம். அகதி மாணவர்களின் உயர்கல்விக்காக 1992-லிருந்து ஜெர்மனி அரசின் உதவியோடு நடக்கும் ‘டாஃபி’ உதவித்தொகை இருக்கிறது. சான்றிதழ்கள் எரிந்தும் தொலைந்தும் போனவர்களுக்கு, இருக்கிற ஆவணங்களையும் ஒரு நேர்காணலையும் வைத்துத் தகுதியை மதிப்பிடும் ‘அகதிகளுக்கான ஐரோப்பியத் தகுதிப் பாஸ்போர்ட்’ என்ற ஏற்பாட்டை மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) நடத்துகிறது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிய ஒருவர் அதைக் கேட்டதும் எங்கள் பிரிண்டரை விட்டு நகரவே இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்கு முதல் பதக்கத்தை வென்ற குத்துச்சண்டை வீராங்கனை சிண்டி இங்காம்பாவைப் பற்றி வீட்டுப்பாடம் செய்ய வரும் பெண் பிள்ளைகள் ஓயாமல் பேசுவார்கள். நானோ அவர்களுக்கு ஒலிம்பிக்கைவிட இந்த மதிப்பீட்டுப் படிவம்தான் அதிகம் உதவும் என்று நினைக்கும் ரகம். இரண்டும் வேண்டும்தான்.

யாராவது அழுதால் என்ன செய்வது என்று எல்லோருமே பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே விஷயம் சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா, உடனடித் தேவை என்ன என்று பார்க்க வேண்டும். வற்புறுத்தாமல் கேட்க வேண்டும். பிறகு அவருக்குத் தேவையான ஆளோடும் சேவையோடும் இணைத்துவிட வேண்டும். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், அது நம் கையில் இல்லை. பணம் கடன் கொடுப்பது, சொந்த எண்ணைக் கொடுப்பது, தனியாக ஒருவர் வீட்டுக்குப் போவது, இவையெல்லாம் எங்களிடம் கிடையாது. குழுவுக்கு ஒரு போன், அதற்கு நேரம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு ஒருவர் பதில் போட ஆரம்பித்தால், மற்ற தன்னார்வலர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களாகத் தெரிவார்கள். பதில் போட்டவரும் கொஞ்ச நாளில் களைத்து நின்றுவிடுவார்.

நிற்பது என்றால், அதையும் ஒழுங்காகச் செய்யலாம். மாணவர்கள் பரீட்சை நேரத்தில் சொல்லாமல் மறைவதுதான் எங்களுக்கு இன்றுவரை பெரிய தலைவலி. பல பேரைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னொருவரும் காரணமில்லாமல் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. எந்தெந்த வாரங்கள் வர முடியாது என்று சேரும்போதே வாங்கிவிடுகிறோம். வாரம் இருமுறை வருகிறேன் என்பவரைவிட, மாதம் இருமுறை என்று சொல்லி அதைக் காப்பாற்றுகிறவர்தான் எங்களுக்கு வேண்டும்.

எங்களிடம் உள்ள மிகச் சிறந்த தன்னார்வலர்கள் தஞ்சம் கோரி வந்தவர்களே. கூடத்தில் முன்பெல்லாம் வரிசை ஒரே கூச்சலாக இருக்கும். அங்கே காத்திருந்த ஒரு இளைஞர்தான் எழுந்து டோக்கன் எழுத ஆரம்பித்தார். தேதி நெருங்கிய கடிதம் வைத்திருப்பவர் முதலில், கைக்குழந்தைக்காரர் அடுத்து, மற்றவர்கள் வந்த வரிசையில். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் நாங்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை. 2015, 2016-ல் அகதிகள் ஆணையம் பல நாடுகளில் அகதி இளைஞர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டபோதும், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. சேர்த்துக்கொள்ளும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சம்பளமில்லாத வேலையைக்கூட ‘வேலை’ என்று கணக்கில் எடுக்கும் விதி அந்த நாட்டில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும்.

நிராகரிப்புக் கடிதம் வரும் மாலைகளுக்குத் தன்னார்வலர்கள் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று பார்ப்பது, வக்கீலை அழைப்பது, யாராவது கூட உட்கார்ந்திருப்பது என்று செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தஸ்து கிடைத்த கடிதம் வந்தால்தான் கட்டிப்பிடித்து, கைதட்டி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்திலும் தேதி இருக்கிறது. சில நாடுகளில் அந்தஸ்து கிடைத்த சில வாரங்களிலேயே அரசு தந்த தங்குமிடத்தைக் காலி செய்ய வேண்டும், உதவித்தொகை நின்றுவிடும். வேலையும் வீடும் வங்கிக் கணக்கும் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருக்கும். குடும்பத்தை அழைத்துக்கொள்வதற்கும் கெடு ஓடத் தொடங்குகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப மறுஇணைவு விதிகள், அந்தஸ்து கிடைத்த 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்காதவர்களிடம் வருமானம், வீடு, மருத்துவக் காப்பீடு போன்ற நிபந்தனைகளைக் கேட்க உறுப்பு நாடுகளை அனுமதிக்கின்றன. கைதட்டி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று அன்றைக்கே எழுத ஆரம்பிக்க வேண்டும்.